சுழி பார்த்து டேக் வாங்க வேண்டாம்

தம்பி, திருப்பூரிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். உங்களிடம் இருப்பது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் ஹெட்ஃபோன். பனியன் கம்பெனியில் வேலை முடிந்து வீடு வர இரவு ஒன்பது ஆகிறது. அதன் பிறகு மடிக்கணினியில் ஒன்றரை மணி நேரம் பாட்டு. குறைகள் மூன்று. பாடுகிறவர் ‘ஸ’ என்று உச்சரிக்கும்போதெல்லாம் காதைக் குத்துகிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய டேக்கையும் (கணினியின் எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் பெட்டி) ஆம்ப்ளிஃபயரையும் இணைத்தால் கூடவே ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் வருகிறது. அவற்றை விட்டுவிட்டு மடிக்கணினியில் நேராகச் செருகினால், அப்பாவின் பழைய கச்சேரிப் பதிவுகளுக்குச் சத்தம் போதவில்லை. 30,000 ரூபாய் ஒதுக்கி, இரண்டு டேக்குகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் இஎஸ்எஸ் என்ற நிறுவனத்தின் சிப். மற்றொன்று ஆர்-2-ஆர் எனப்படும் மின்தடை ஏணி வகை. இரண்டில் எது இதமாகப் பாடும் என்பது கேள்வி.

என் பதில், இரண்டையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட டேக்கின் குறை அல்ல.

இப்படி முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டிய ஆள் நான். தென்னை மரத்தில் ஏறிக் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறேன். பிறகு ஈரோட்டில் கேசட் பதிவுக் கடை, அதன் பிறகு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் வேலை. காதைவிட மல்டிமீட்டரை அதிகம் நம்புகிறவன்.

அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். காங்கேயம் காளை வாங்க வருகிறவர் முதலில் சுழியைத்தான் பார்ப்பார். இந்தச் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், அந்தச் சுழி இருந்தால் ஆகாது. சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல், சுழியை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்கிறவரை என்ன சொல்வது? டேக் வாங்குகிறவர்கள் சிப்பின் பெயரைக் கேட்பது எனக்கு அப்படித்தான் படுகிறது. 2020 அக்டோபரில் ஜப்பானில் நொபேயோகா என்ற ஊரில் இருந்த ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை எரிந்துபோனது. உலகம் முழுக்க அந்த சிப்புக்குத் தட்டுப்பாடு. டேக் செய்கிறவர்கள் சிலர் பெட்டியையும் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வேறு நிறுவனத்தின் சிப்பைப் போட்டு விற்பனையைத் தொடர்ந்தார்கள். சிப்புதான் பாட்டின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்றால் அப்படிச் செய்திருக்க முடியாது. மின்வழங்கி, சிப்புக்குப் பின்னால் வரும் ஒலிச்சுற்று, பலகை வடிவமைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு டேக்.

டேக் செய்யும் வேலை இதுதான்: எண்களை மின் அலையாக மாற்றுகிறது. குறுந்தகட்டின் கணக்கில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படியில் நிற்கும் ஓர் எண். திருப்பூர்க்காரருக்குச் சாம்பிள் என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சாம்பிள் துணியின் ஒரு துண்டைப் போன்றது அல்ல. இரண்டு சாம்பிள்களுக்கு இடையில் இசை விட்டுப்போகிறது, அலை படிக்கட்டுபோல வெளியே வருகிறது என்று படம் போட்டுக் காட்டுவார்கள், அது தவறு. 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகள் மட்டும் இருக்கும்வரை, அந்தப் புள்ளிகள் வழியாகச் செல்லக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் டேக் வரைந்து கொடுக்கிறது. இளம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எனக்கு 58 வயது. 11,000-க்கு மேல் எனக்கு எல்லாம் நிசப்தம்.

16 பிட் என்றால் மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல். மின்விசிறி ஓடுகிற அறையில் 40 டெசிபெல் ஓசை சாதாரணம். அதற்கு மேல் 96-ஐக் கூட்டிப் பாருங்கள், 136 வருகிறது. அது காது வலி கண்டு எழுந்து ஓடும் அளவு. குறுந்தகட்டின் தரமே நம் அறையைத் தாண்டி நிற்கிறது. 24 பிட்டும் 192 கிலோஹெர்ட்ஸும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். உங்கள் காதுக்கு அவற்றால் புதிதாக எதுவும் வராது.

இனி குறைகளுக்கு வருகிறேன். ‘ஸ’ குத்துவது ஹெட்ஃபோனின் பிறவிக் குணம். டிடி 990-க்கு 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. இது ஊரறிந்த விஷயம். மனிதக் குரலின் ‘ஸ’ ஓசை விழும் வட்டாரம் அதுதான். ஆர்-2-ஆர் டேக் இதமாக இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, காரணம்தான் வேறு. அந்த வகையில் சில, வடிகட்டி இல்லாமல், ஓவர்சாம்பிளிங் (சாம்பிள்களுக்கு இடையில் கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) செய்யாமல் ஓடுகின்றன. அப்படி ஓடும்போது கணக்குப்படியே 20,000 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபெல் அளவுக்கு ட்ரெபிள், அதாவது கீச்சொலிப் பகுதி, சரிந்துவிடும். காசு கொடுத்து வாங்குவது அந்தச் சரிவைத்தான். அதுவும் 8,000-இல் அரை டெசிபெல்கூடச் சரியாது. உங்களுக்குக் குத்தும் இடம் குத்திக்கொண்டேதான் இருக்கும்.

மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்று ஒரு மென்பொருள் உண்டு. அதில் 8,000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஐந்து டெசிபெல் குறைத்துப் பாருங்கள். மேடு ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன், காதுக்குக் காது சற்று நகரும். 7,000-இலிருந்து 9,000 வரை மெல்ல நகர்த்தி, குத்தல் எங்கே அடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஈக்வலைசர் வைப்பது ஏதோ பாவம்போலப் பேசும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ட்ரெபிளைக் குறைக்க 30,000 ரூபாய்க்குப் பெட்டி வாங்கலாம், ஒரு எண்ணை மாற்றக் கூடாது என்பது எனக்கு விளங்காத சாத்திரம்.

இரைச்சல் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், ஏனென்றால் இது பாட்டோடு முடிகிற விஷயம் இல்லை. சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் இரைகிறதா என்று நான் திருப்பிக் கேட்டதற்கு ஆமாம் என்றீர்கள். மடிக்கணினியின் உலோக உடலைப் புறங்கையால் தடவினால் சுரசுரவென்று இருக்கிறதா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றீர்கள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்தது. மூன்று முனை சார்ஜருக்குள், இரைச்சலை எர்த்துக்கு வடிப்பதற்காக ஃபேஸிலிருந்து ஒரு சிறு கண்டென்சரும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் போட்டிருப்பார்கள். சுவரில் எர்த் இருந்தால் கசிவு அதன் வழியே போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அந்த இரண்டு கண்டென்சர்களும் 230 வோல்ட்டை நடுவில் பங்கு பிரித்து, மடிக்கணினியின் உடலில் 115 வோல்ட் அளவில் நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைத் தூக்காது. ஆனால் அந்தக் கசிவு யூஎஸ்பி கேபிளின் தரைக்கம்பி வழியாக டேக்குக்கும், அங்கிருந்து ஆர்சிஏ கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் வழி தேடிப் போகும். இசை வரும் அதே கம்பியில் இதுவும் சவாரி செய்கிறது. டேக்கை மாற்றினாலும் இந்தக் கம்பி அங்கேயேதான் இருக்கும்.

ரேடியோ செட் காலத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சித்திரை மாதத்து நோம்பியில் ஒலிபெருக்கி முழுக்க உறுமல். ஆம்ப்ளிஃபயரை மாற்றினோம், மைக்கை மாற்றினோம், உறுமல் நிற்கவில்லை. வயசான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து எதையும் தொடவில்லை. எர்த் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றி முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. நம் பக்கம் பல இடங்களில் சுக்கான் மண்ணும் பாறையும். கோடையில் குழி காய்ந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். அதனால்தான் குழியில் கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது தண்ணீர் விடச் சொல்கிறார்கள்.

உங்களுடையது வாடகை வீடு. எலக்ட்ரீஷியனை அழைத்து, நீங்கள் பயன்படுத்தும் பிளக் பாயிண்டில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். நீங்களே கை வைக்க வேண்டாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும்; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பல பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் கம்பியே இருக்காது. குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் அதே வீட்டில்தான் ஓடுகின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அது சரியாகும் வரை சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் பாட்டுக் கேளுங்கள். எர்த் சரியான பிறகும் லேசாக இரைந்தால், மடிக்கணினி சார்ஜரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வரும் இரைச்சல் வேறு கதை: சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் மின்வழங்கியே இரையும், மின்சாரம் வரும் வரை பொறுத்துக்கொள்வதுதான் வழி.

மூன்றாவது குறை சத்தம். இதில் கணக்கு சுலபம். உங்கள் ஹெட்ஃபோன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தரும். 250 ஓமில் ஒரு மில்லிவாட் என்றால் அரை வோல்ட். வோல்ட் இரட்டித்தால் ஆறு டெசிபெல் கூடும். ஆக, 1 வோல்ட்டுக்கு 102, 2 வோல்ட்டுக்கு 108, 4 வோல்ட்டுக்கு 114. மடிக்கணினியின் துளை பொதுவாக ஒரு வோல்ட்டைச் சுற்றித்தான் கொடுக்கும். இன்றைய சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். எல்லாவற்றையும் அழுத்தி உச்சியில் ஏற்றிவைத்துப் பதிவு செய்கிறார்கள். கச்சேரிப் பதிவு அப்படி அல்ல. தனி ஆவர்த்தனத்தின் ஒரு அடி உச்சத்தில் இருக்கும். ஆலாபனை அதற்கு 25 டெசிபெல் கீழே ஓடும். அப்பாவின் கேசட்டைக் கணினிக்கு மாற்றியவர் அளவைத் தாழ்வாக வைத்துப் பதிந்திருந்தால் இன்னும் பத்து கீழே. 102-இல் 35 போனால் 67. மேலே மின்விசிறி, காதில் வெளி ஓசையைத் தடுக்காத திறந்த முதுகு ஹெட்ஃபோன். போதவில்லை என்று நீங்கள் சொல்வது நியாயம்தான்.

இதற்கும் முதலில் காசில்லாத வைத்தியம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்புகளைத் திறந்து அளவை உச்சம் வரை ஏற்றிச் சேமியுங்கள். பயன்படாமல் கிடந்த பத்து டெசிபெல் திரும்பி வந்துவிடும். கேசட்டின் ‘ஸ்ஸ்’ ஓசையும் கூடவே ஏறும். ஆனால் எந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டாலும் அது ஏறத்தான் செய்யும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியது சிப்பின் பெயர் அல்ல. 250 அல்லது 300 ஓம் சுமையில் எத்தனை வோல்ட் தரும் என்று கேளுங்கள். இரண்டு வோல்ட் கட்டாயம். நான்கு இருந்தால் வசதி. விளம்பரத்தில் ‘1,000 மில்லிவாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் 32 ஓம் சுமைக்கான கணக்கு. உங்கள் ஹெட்ஃபோனுக்கு அந்த எண்ணால் பயனில்லை. டேக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில், யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்வதாக வாங்கினால் நடுவில் ஆர்சிஏ கேபிள் கிடையாது, சுவரில் தனிச் செருகல் கிடையாது. மேலே சொன்ன கசிவு சவாரிக்கும் வழி அடைபட்டுவிடும். இரண்டு பெட்டி, மூன்று பெட்டி அடுக்கி வைப்பது மேசைக்கு அழகாக இருக்கும். அவ்வளவுதான்.

பேலன்ஸ்டு (இரண்டு காதுக்கும் முழுக்கத் தனித்தனிக் கம்பி) என்று 4.4 மில்லிமீட்டர் துளைக்குத் தனிக் காசு கேட்பார்கள். டிடி 990 ப்ரோவில் சுருள் கேபிள் கழற்ற முடியாதபடி வருகிறது. உள்ளே பிரித்துச் சாலிடர் வைத்தால் ஒழிய அந்தத் துளை உங்களுக்குப் பயன்படாது. ஆம்ப்ளிஃபயருக்கு வெளியீட்டு மின்தடை என்று ஒன்று உண்டு. அது ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் வழக்கு. 250 ஓமுக்கு 30 வரை தாங்கும், கவலை இல்லை. வீட்டில் வேறு யாராவது 16 ஓம் இயர்போன் செருகுவார்கள் என்றால் மட்டும் இரண்டு ஓமுக்குள் பாருங்கள். ஜிட்டர் எனப்படும் நுண்ணிய நேரத் தடுமாற்றம், யூஎஸ்பி கேபிளின் வெள்ளி முலாம் பற்றியெல்லாம் கேட்டிருந்தீர்கள். விட்டுவிடுங்கள்.

பெயர் சொல்லாமல் விட்டால் மழுப்புகிறேன் என்பீர்கள். குவெடெலிக்ஸ் 5கே என்ற சின்னப் பெட்டி எனக்குப் பிடித்தது. மின்கலத்தில் ஓடும், சாதாரணத் துளையில் 2 வோல்ட் தரும், ஈக்வலைசர் உள்ளேயே இருக்கிறது. ‘ஸ’ மேட்டை ஒருமுறை வெட்டிவைத்தால் மடிக்கணினியானாலும் கைபேசியானாலும் அந்த வெட்டு கூடவே வரும். புளூடூத்தில் இணைத்தால் கம்பியே இல்லை, கசிவும் இல்லை. ஹெட்ஃபோனோடு வந்த 6.3 மில்லிமீட்டர் திருகு அடாப்டரைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். தங்கைக்கோ தம்பிக்கோ இயர்போன் செருக ஏதாவது போதும் என்றால், ஆப்பிளின் யூஎஸ்பி-சி இணைப்பி ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. அதற்குள்ளும் ஒரு டேக் இருக்கிறது, அளந்து பார்த்தவர்கள் வாயைப் பிளக்கும் சுத்தம். ஒரு எச்சரிக்கை: உங்கள் கம்பெனிக்கு வரும் ஐரோப்பிய பையரிடம் சொல்லி வாங்கிவர வேண்டாம். அங்கே விற்கும் வகையில் வெளியீட்டைப் பாதி வோல்ட்டாகக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். சில ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இந்த இணைப்பி முழுச் சத்தம் தராது. கணினியில் அந்தத் தொல்லை இல்லை.

‘ஆனால் நண்பர் வீட்டில் விலை உயர்ந்த டேக்கில் கேட்டேன், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது’ என்றும் எழுதியிருந்தீர்கள். தெரிந்திருக்கும். இரண்டு பெட்டிகளின் அளவு அரை டெசிபெல் வேறுபட்டாலும் உரத்தது ‘தெளிவாக, ஆழமாக’ இருப்பதாகவே காது சொல்லும். சத்தம் கூடியதாகச் சொல்லாது. நானும் மாட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டேக்குக்கு என் இரண்டு மாத வருமானத்தைக் கொடுத்தேன். மூன்று நாள் சொர்க்கம். நான்காம் நாள் என் மகள், பழையதையும் புதியதையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் கட்டி, 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டின் வோல்ட்டையும் ஒரு சதவீதத்துக்குள் சமன் செய்தாள். என்னைத் திரும்பி உட்கார வைத்து மாற்றி மாற்றிப் போட்டாள். இருபது முறையில் பதினொன்று சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் பத்து வந்திருக்கும். அந்த டேக்கை மறு மாதமே விற்றுவிட்டேன். என் விடைகளைக் குறித்த சீட்டை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். அதில் எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்றால், மூடிய முதுகு ஹெட்ஃபோன் ஒன்றை யோசியுங்கள். பங்குனி, சித்திரையில் மின்விசிறி இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது. பக்கத்தில் தறி ஓட்டம் வேறு இருக்கிறது என்கிறீர்கள். திறந்த முதுகில் அது அத்தனையும் பாட்டோடு சேர்ந்து உள்ளே வரும். வாங்குவதற்கு முன் அரை மணி நேரமாவது மாட்டிப் பாருங்கள். வெயில் காலத்தில் அது காதைப் புழுக்கும், அந்தப் புழுக்கம் உங்களுக்குத் தாங்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக ஈக்வலைசரைப் போடுங்கள். மதியம் ஆடாசிட்டி. எலக்ட்ரீஷியன் வரும்போது வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். எர்த் இல்லை என்று வாயால் சொன்னால் ‘பார்க்கலாம்’ என்பார், மீட்டரின் முள்ளை நேரில் பார்த்தால் அந்த வாரமே குழி தோண்ட ஆள் வந்துவிடும்.